காவிரிக் கழிமுகத்தில் பறப்புமுன் வானிலை ஆய்வு

பறப்புமுன் வானிலை ஆய்வு என்பது, ஒரு விமானி தரையை விட்டு எழும்புவதற்கு முன்னர், செல்லும் வழியிலும் சேருமிடத்திலும் மாற்று நிலையத்திலும் நிலவும் வானிலையையும் எதிர்பார்க்கப்படும் வானிலையையும் ஆராய்ந்து, புறப்படுவதா, தாமதிப்பதா, கைவிடுவதா என முடிவு செய்யும் நடைமுறை ஆகும். பன்னாட்டுக் குடிசார் வான்போக்குவரத்து தொடர்பான 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையின் 2ஆம் இணைப்பு, இதனை வானூர்தியின் தலைமை விமானிக்குரிய கடமையாக விதிக்கிறது. பயணிகள் சேவை நடத்தும் நிறுவனங்களில் இப்பணியைப் பகிர்ந்துகொள்ளத் தரையில் தனிப் பிரிவு உண்டு. சிறு வானூர்தியைத் தாமே ஓட்டிச் செல்லும் தனியார் விமானிக்கு அத்தகைய துணை இல்லை.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களும் காரைக்காலும் அடங்கிய காவிரிக் கழிமுகம் மலையற்ற சமவெளி ஆகும். இதனால் இங்கு பறப்பது எளிது என்ற எண்ணம் ஏற்படலாம். மலை இல்லை என்பது உண்மையே. எனினும் இப்பகுதியின் இடர்கள் நிலத்தின் உயரத்திலிருந்து அல்லாமல் அதன் ஈரத்திலிருந்து பிறப்பவை. இதற்கான வானிலை அறிக்கையோ பெரும்பாலும் கழிமுகத்திற்கு வெளியே இருந்து பெறப்படுவதாகும்.

நிலையங்களும் இடைவெளிகளும்

கழிமுகப் பறப்புகளுக்கு அண்மையிலுள்ள பொதுப் பயன்பாட்டு நிலையம் திருச்சிராப்பள்ளி பன்னாட்டு வானூர்தி நிலையம் ஆகும். இது கடல் மட்டத்திலிருந்து 288 அடி உயரத்தில், கழிமுகத்தின் மேற்கு விளிம்பிற்கு அப்பால், ஒப்பீட்டளவில் வறண்ட நிலத்தில் அமைந்துள்ளது. தஞ்சாவூரிலுள்ள ஓடுபாதை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமைக்கப்பட்டது. 2013 மே மாதத்தில் அது முழுமையான வான்படைத் தளமாகத் திறக்கப்பட்டது. 2020 சனவரியில் சுகோய்-30 வகைப் போர் வானூர்திகளின் 222ஆம் படையணி அங்கு நிறுத்தப்பட்டது. எனவே தனியார் விமானி முன் அனுமதியின்றி அங்கு இறங்கலாம் என்று திட்டமிட இயலாது.

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 45 கி.மீ., நாகப்பட்டினம் ஏறத்தாழ 125 கி.மீ. வானூர்தி நிலைய முன்னறிவிப்பு ஒன்று அந்நிலையத்தைச் சுற்றிய சுமார் 8 கி.மீ. பரப்புக்கே உரியது. ஆகவே திருச்சியின் அறிக்கையைத் தஞ்சாவூரின் வானிலையாகக் கொள்வது, அறிக்கை சொல்லாத ஒன்றை அதில் படிப்பதாகும். நாகப்பட்டினம், காரைக்கால், அதிராம்பட்டினம் ஆகிய இடங்களில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கண்காணிப்பு நிலையங்கள் உள்ளன. இவை வானூர்திகளுக்கென அரைமணிக்கொரு முறை அறிக்கை வெளியிடுவன அல்ல. எனினும் இடையில் நிலவும் நிலையை ஊகிக்க உதவும். காரைக்காலிலுள்ள டாப்ளர் ரேடார் மழை முகில்களின் இருப்பிடத்தையும் நகர்வையும் காட்டுகிறது. ஆனால் மூடுபனியை ரேடார் காட்டாது. அதிகாலைப் பறப்பில் ரேடார் படம் வெறுமையாக இருப்பதை வானம் தெளிவாக இருப்பதாகக் கொள்ளலாகாது.

அறிக்கைகளைப் படித்தல்

மெட்டார் எனப்படுவது ஒரு நிலையத்தில் அந்நேரத்தில் நோக்கப்பட்ட வானிலையின் குறியீட்டு அறிக்கை. டாஃப் எனப்படுவது அதே நிலையத்திற்கான முன்னறிவிப்பு. டாஃப்களில் 9 மணிநேரத்திற்கு உரியவை 3 மணிக்கொரு முறையும், 30 மணிநேரம் வரை செல்பவை 6 மணிக்கொரு முறையும் வெளியாகின்றன. பெருவெளியில் இடிமுகில், கடுங்கொந்தளிப்பு, புயல் போன்றவை பற்றிய எச்சரிக்கை சிக்மெட் ஆகும். தமிழகத்தின் மேலுள்ள வான்பரப்பிற்கு இதனைச் சென்னையிலுள்ள வானிலைக் கண்காணிப்பு அலுவலகம் வெளியிடுகிறது. சென்னை மண்டல வானிலை மையம் நடத்தும் இணையவழி விளக்கச் சேவையில் இவற்றுடன் மேற்காற்று வரைபடங்களையும் விமானிகள் பெறலாம்.

அறிக்கைகளில் உள்ள நேரம் ஒருங்கிணைந்த அனைத்துலக நேரம் ஆகும். அதனுடன் ஐந்தரை மணி கூட்டினால் இந்திய நேரம் கிடைக்கும். புதியவர்கள் பெரும்பாலும் இடறுவது இங்கேதான். 0100 எனக் குறிக்கப்பட்ட அறிக்கை காலை 6.30 மணிக்குரியது, முன்னிரவுக்கு உரியதன்று.

முகிலின் அளவு, வானத்தை எட்டுப் பங்காகப் பிரித்துக் குறிக்கப்படுகிறது. ஐந்து பங்கு அல்லது அதற்கு மேல் மூடியுள்ள மிகத் தாழ்ந்த முகிலடுக்கின் உயரமே முகிற்கூரை எனப்படும். காண்புத் தொலைவு 1,000 மீட்டருக்குக் குறைந்தால் மூடுபனி என்றும், 1,000 முதல் 5,000 மீட்டர் வரையெனில் மென்பனி என்றும் அறிக்கையிடப்படும். வறண்ட தூசாலோ புகையாலோ ஏற்படும் மங்கலுக்குத் தனிக் குறியீடுகள் உள்ளன.

கழிமுகத்தைப் பொறுத்தவரை மெட்டாரில் மிகப் பயனுள்ள பகுதி, வெப்பநிலையும் பனிப்புள்ளியும் அடங்கிய இரு எண்கள் எனலாம். பனிப்புள்ளி என்பது காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள ஈரம் துளிகளாக மாறுமோ அந்த வெப்பநிலை. பிற்பகலில் எழும் திரள் முகிலின் அடி உயரத்தை இவ்விரண்டின் வேறுபாட்டைக் கொண்டு மதிப்பிடலாம்: ஒரு பாகைக்கு ஏறத்தாழ 400 அடி. வெப்பநிலை 34, பனிப்புள்ளி 24 எனில் முகிலடி சுமார் 4,000 அடியில் இருக்கும். இரவிலும் விடியலிலும் அதே வேறுபாடு சுருங்குவது மூடுபனிக்கான முன்னறிகுறி.

மூடுபனிக் காலம்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், மார்கழி, தை மாதங்களில் வானம் தெளிந்து காற்று அடங்குகிறது. சம்பா நெல் அறுவடையை நெருங்கும் அக்காலத்தில் வயல்களும் வாய்க்கால்களும் குளங்களும் ஈரமாகவே உள்ளன. தெளிந்த இரவில் நிலம் தன் வெப்பத்தை இழந்து, தன்மேல் படிந்த ஈரக்காற்றைக் குளிர்விக்கிறது. பனிப்புள்ளியை எட்டியதும் தரையோடு தரையாக மூடுபனி உருவாகிறது.

எடுத்துக்காட்டாக, தை மாதக் காலை 6.30 மணிக்குத் திருச்சியின் மெட்டார் காற்று அமைதி, காண்புத் தொலைவு 4,000 மீட்டர், மென்பனி, வெப்பநிலை 21, பனிப்புள்ளி 20 எனக் கூறுவதாகக் கொள்வோம். வறண்ட நிலத்திலேயே வேறுபாடு ஒரு பாகையாக இருக்குமெனில், கிழக்கே ஈர வயல்களின்மேல் அது இல்லாமலே போயிருக்கக்கூடும். மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் செல்லும் ஒற்றைப் பொறி வானூர்தி 15 நிமிடத்திற்குள் தஞ்சாவூரின் மேல் இருக்கும். அதற்குள் கீழே நிலம் மறைந்திருக்கலாம். அதேவேளை பின்னால் திருச்சியும் மூடிக்கொள்ளலாம். மூடுபனி விடிந்தவுடன் கலைவதில்லை, சூரியன் எழுந்த சிறிது நேரத்தில் அடர்வதும் உண்டு. பின்னர் அது தரையிலிருந்து எழும்பித் தாழ்ந்த படைமுகிலாக மாறும்போது, காண்புத் தொலைவு நன்றாகவும் முகிற்கூரை சில நூறு அடியாகவும் இருக்கும். காண்புத் தொலைவை மட்டும் பார்த்துப் புறப்படுபவர் இங்கு ஏமாறுகிறார். பெரும்பாலான நாட்களில் இதற்கான தீர்வு மிக எளியது: இரண்டு மூன்று மணிநேரக் காத்திருப்பு.

கோடையும் ஆடிக்காற்றும்

தமிழ் மரபு, காற்றை அது வரும் திசையால் பெயரிடுகிறது: கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை, வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல். மெட்டாரும் காற்று வரும் திசையையே குறிக்கிறது என்பது ஒரு நல்ல ஒற்றுமை.

சூன் முதல் ஆகத்து வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேலைக்காற்று திருச்சிப் பகுதியில் வலுவாக வீசுகிறது. திருச்சியின் 2,480 மீட்டர் நீள ஓடுபாதை கிழக்கு மேற்காக அமைந்திருப்பதால் தரையிறங்குவதில் பக்கக்காற்றுச் சிக்கல் குறைவு. சிக்கல் எரிபொருளில் தோன்றுகிறது. 100 நாட் வேகமுள்ள வானூர்தி, 30 நாட் மேலைக்காற்றில் திருச்சியிலிருந்து நாகப்பட்டினத்தின் மேல் 31 நிமிடத்தில் சென்றடையும்; திரும்பி வர 58 நிமிடம் பிடிக்கும். காற்றில்லாத நாளில் இருவழிக்கும் சேர்த்து 81 நிமிடம். காற்றுள்ள நாளில் 89. சென்ற நேரத்தை வைத்தே திரும்பும் நேரத்தைக் கணக்கிடுவோருக்கு இவ்வேறுபாடு புலப்படாது.

மே மாத வெப்பம் வேறு வகை இடர். 40 பாகை செல்சியசில், வளியழுத்தம் 1004 எக்டோபாசுகல் அளவில் இருக்கும்போது, 288 அடி உயரத்திலுள்ள திருச்சியின் காற்று ஏறத்தாழ 3,600 அடி உயரத்துக் காற்றைப் போல அடர்த்தி குன்றியிருக்கும். எனவே எழும்ப வேண்டிய ஓட்டத் தொலைவு கூடும், ஏறும் வீதம் குறையும். நீண்ட ஓடுபாதையில் இது பெரிதாகத் தெரியாது. குறுகிய ஓடுதளங்களில் முழுச் சுமையுடன் எழும்புவோர் கணக்கிட்டே ஆகவேண்டும்.

இடிமுகில்கள்

ஏப்ரல், மே மாதங்களிலும், ஆகத்து முதல் அக்டோபர் வரையிலும் உள்நாட்டில் பிற்பகலில் திரளும் இடிமுகில்கள் மாலையிலும் முன்னிரவிலும் கடற்கரை நோக்கி நகர்வது பொதுவான போக்கு. நாகப்பட்டினக் கரையிலிருந்து உள்ளே வரும் கடற்காற்று, எதிர்வரும் மேலைக்காற்றைச் சந்திக்கும் கோட்டில் முகில்கள் மேலும் வளரக்கூடும். இடிமுகிலிலிருந்து கீழிறங்கும் குளிர்காற்று முகிலைவிடப் பல கி.மீ. முன்னே ஓடிவரும், மழை தொடங்காத ஓடுபாதையிலேயே காற்று திடீரெனத் திசை மாறும். கடும் இடிமுகிலிலிருந்து குறைந்தது 20 கடல் மைல் விலகிச் செல்லுமாறு அமெரிக்கக் கூட்டரசு வான்போக்குவரத்து நிருவாகம் அறிவுறுத்துகிறது. காலையில் சென்று மாலையில் திரும்பும் திட்டம் இக்காலத்தில் தலைகீழான தேர்வு ஆகும். திரும்பும் பயணமே முகில்களை எதிர்கொள்ளும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நிசா (2008), கசா (2018) போன்ற புயல்கள் கழிமுகத்தைத் தாக்கியுள்ளன. புயல் நாளில் எவரும் புறப்பட எண்ணுவதில்லை. இரண்டு மழைப்பட்டைகளுக்கு இடையே வானம் வெளுக்கும் சாதாரண நாளே அக்காலத்தில் கவனத்திற்குரியது. படைமுகிலுக்குள் இடிமுகில் மறைந்திருப்பதைக் கண்ணால் அறிய இயலாது.

விதிகளும் அவற்றின் எல்லையும்

கண்பார்வைப் பறப்பு விதிகளின்படி, 10,000 அடிக்குக் கீழ் கட்டுப்பாட்டு வான்பரப்பில் காண்புத் தொலைவு 5 கி.மீ. இருக்கவேண்டும், முகிலிலிருந்து கிடையாக 1,500 மீட்டரும் செங்குத்தாக 1,000 அடியும் விலகியிருக்கவேண்டும். கட்டுப்பாட்டு வலயத்திலுள்ள நிலையத்தில் முகிற்கூரை 1,500 அடிக்குக் குறைந்தால், சிறப்பு அனுமதி இன்றி இவ்விதிகளின் கீழ் எழும்பவோ இறங்கவோ கூடாது. இவை சட்டத்தின் கீழெல்லைகள். அனுபவம் குறைந்தவருக்கு உகந்த அளவுகள் என்று பொருள்படா.

1954இல் இலினொய் பல்கலைக்கழகத்தில், கருவிப் பறப்புப் பயிற்சி பெறாத 20 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. வெளிப்பார்வை மறைக்கப்பட்டதும் அனைவரும் கட்டுப்பாட்டை இழக்கும் நிலையை அடைந்தனர். அதற்கான சராசரி நேரம் 178 நொடிகள். 1999 சூலை 16 இரவில் சான் எஃப். கென்னடி இளையவர் ஓட்டிய சிறு வானூர்தி அமெரிக்காவின் மார்த்தாசு வினியார்டு தீவருகே கடலில் வீழ்ந்தது. அங்கு முகிலோ புயலோ இல்லை. மங்கலும் இருளும் அடிவானத்தை மறைத்ததில் அவர் திசையுணர்வை இழந்தார் என விசாரணை முடிவு செய்தது. கழிமுகத்தில் நடவுக் காலத்தில் நீர் தேங்கிய வயல்கள் வானத்தையே காட்டும்போதும், அந்தி மங்கலில் கடற்கரையைக் கடக்கும்போதும் இதே நிலை தோன்றலாம்.

தேர்ச்சி மிக்கவர்களும் இதற்கு விலக்கல்லர். 2009 செப்டம்பர் 2 அன்று ஆந்திர முதலமைச்சர் ஒய். எசு. இராசசேகர ரெட்டியுடன் ஐதராபாத்திலிருந்து சித்தூர் நோக்கிச் சென்ற எலிகாப்டர் நல்லமலைக் காட்டில் வீழ்ந்து ஐவர் இறந்தனர். விமானிகள் பல்லிணைப் பெட்டி தொடர்பான எச்சரிக்கைக்குரிய பக்கத்தைக் கையேட்டில் ஆறு நிமிடத்திற்கு மேல் தேடியதில் மோசமாகிக்கொண்டிருந்த வானிலையிலிருந்து கவனம் விலகியதையும், எலிகாப்டர் கடும் கீழ்நோக்குக் காற்றில் சிக்கியதையும் விசாரணை அறிக்கை சுட்டியது. 2021 திசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டன் சென்ற வான்படை எலிகாப்டர் குன்னூர் அருகே வீழ்ந்ததில் முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட வானூர்தியிலிருந்த 14 பேரும் உயிரிழந்தனர். இறுதியானவர் ஒரு வாரம் கழித்து மருத்துவமனையில் இறந்தார். பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறி எலிகாப்டர் முகிலுக்குள் நுழைந்ததே காரணம் என்று வான்படை அறிவித்தது.

முடிவெடுத்தல்

பயிற்றுநர்கள் பரிந்துரைக்கும் வழக்கம், தனக்குரிய குறைந்த அளவுகளை வானம் தெளிவாக உள்ள ஒரு நாளில் எழுதி வைத்துக்கொள்வதாகும். கழிமுகத்திற்கு இவ்வளவுகள் காண்புத் தொலைவையும் முகிற்கூரையையும் தவிர, விடியலில் பனிப்புள்ளி வேறுபாடு எத்தனை பாகை இருந்தால் புறப்படலாம், மாலை எத்தனை மணிக்குள் தரையிறங்கியிருக்க வேண்டும் என்பனவற்றையும் உள்ளடக்குவது பயன் தரும். திரும்பும் இடமும் அதற்கான எரிபொருளும் அவ்வாறே முன்கூட்டித் தீர்மானிக்கப்படுகின்றன. திருமணம், அலுவல் போன்று குறித்த நேரத்தில் சேரவேண்டிய பயணங்களில், பேருந்திலோ தொடர்வண்டியிலோ செல்லும் மாற்று ஏற்பாடு முன்னதாகவே இருந்தால் பறப்பைக் கைவிடும் முடிவு எளிதாகிறது. திருச்சிக்கும் நாகப்பட்டினத்திற்கும் இடையே அத்தகைய ஏற்பாட்டிற்குக் குறைவில்லை.