7-16 முதல் 4.3-10 வரை: அலைபேசிக் கோபுர இணைப்பிகள் சிறுத்த வரலாறு

அலைபேசிக் கோபுரத்தில் ரேடியோ பெட்டியையும் ஆன்டெனாவையும் வடத்தோடு பிணைக்கும் இணைப்பிகள், அதாவது களப்பணியாளர் கனெக்டர் என்றே சொல்லும் உறுப்புகள், ஏன் சிறுத்தன என்பதற்குத் தயாரிப்பாளர் கையேடுகளும் பயிற்சி நூல்களும் ஒரே விளக்கத்தைத் திரும்பத் திரும்பத் தருகின்றன. ஆன்டெனாவின் அடிப்பலகையில் முனைகள் பெருகி இடம் போதாமற்போனதால் இணைப்பி சிறுத்தது என்பதே அது. இவ்விளக்கம் பொய்யன்று, ஆனால் விளைவுக்குத் துணைநின்ற ஒன்றை அது காரணமாக்கிவிடுகிறது.

1960களில் ஜெர்மனியில் உருவான 7-16 இணைப்பியின் பெயரிலுள்ள எண்கள், உள்கடத்தியின் வெளிவிட்டம் 7 மில்லிமீட்டர், வெளிக்கடத்தியின் உள்விட்டம் 16 மில்லிமீட்டர் என்பதைக் குறிக்கின்றன. ஓரச்சு வடத்தின் மின்மறுப்பு, இடைப்பொருள் மாறாதவரை, இவ்விரு விட்டங்களின் விகிதத்தை மட்டுமே பொறுத்தது. தனித்தனி அளவுகளைப் பொறுத்ததன்று. இடையில் காற்று இருப்பதாகக் கொண்டு கணக்கிட்டால் 7-16 ஏறத்தாழ 49.6 ஓமும், பின்வந்த 4.1-9.5 ஏறத்தாழ 50.4 ஓமும், 4.3-10 ஏறத்தாழ 50.6 ஓமும் தருகின்றன. மூன்றுமே 50 ஓமை ஒட்டி நிற்கின்றன. தாங்கும் திறன் குறையும் என்பதை ஏற்றுக்கொண்டால், விகிதம் கெடாமல் இணைப்பியைச் சிறிதாக்குவது வடிவமைப்பாளருக்கு எப்போதுமே கைக்கெட்டிய காரியந்தான். தடை வேறிடத்தில் இருந்தது.

அத்தடையின் பெயர் இடைப்பண்பேற்றம். தொழிலில் பிம் என்பர். இரண்டு வலுவான அலைகள் ஒரே உலோகத் தொடுகையைக் கடக்கையில், அத்தொடுகை தளர்ந்தோ துருப்படலம் படிந்தோ நிக்கல் போன்ற காந்த உலோகம் கலந்தோ இருந்தால், மூன்றாவதாக ஓர் அலை தானே பிறக்கும். 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கோபுரம் 935, 960 ஆகிய இரண்டையும் ஒருசேர அனுப்பினால், முதலாவதன் இருமடங்கிலிருந்து இரண்டாவதைக் கழித்த 910 மெகாஹெர்ட்ஸில் அது தோன்றும். கைபேசிகள் கோபுரத்தோடு பேசும் 890-915 என்னும் பகுதிக்குள்ளேயே அது விழுகிறது. 20 வாட் வீதம் இரு அலைகளைச் செலுத்தும் சோதனையில் −160 டெசிபெல் என்னும் வரம்பை வைப்பது, பிறக்கும் அலை, செலுத்திய அலையின் திறனில் பத்தாயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்பதற்கு ஒப்பாகும்.

7-16 இவ்வரம்பை வன்மையால் எட்டியது. அதன் வெளிக்கடத்திகள் முகத்தோடு முகம் பொருந்துபவை; அப்பொருத்தத்தின் அழுத்தம் முழுவதும் வெளியே முறுக்கப்படும் மரையிலிருந்தே வரவேண்டும். அதற்கு 25 முதல் 30 நியூட்டன்-மீட்டர் வரை முறுக்குவிசை தேவைப்பட்டது. இங்கே மின்தொடுகையும் இயந்திரப் பிடிப்பும் ஒன்றே. ஒன்று தளர்ந்தால் மற்றதும் கெடும். கோபுரத்தின் உச்சியில், நெருங்கி அமைந்த முனைகளுக்கிடையே ஸ்பேனரைச் சுழற்ற இடமில்லாதபோது இவ்வேற்பாடு முடங்கியது.

மினி-டின் எனப்படும் 4.1-9.5 வகைதான் வழக்கமான விளக்கத்துக்குப் பெரும் இடையூறு. 4.3-10 வருவதற்கு வெகுகாலம் முன்பே அது தரப்படுத்தப்பட்டிருந்தது. இரண்டுக்கும் வெளிக்கடத்தி விட்டத்தில் வேறுபாடு அரை மில்லிமீட்டரே. இடநெருக்கடி ஒன்றே காரணமெனில், முனைகள் பெருகிய வேளையில் அலமாரியில் ஆயத்தமாக இருந்த அதையே எடுத்துக்கொண்டிருக்கலாமே. நான்கு ஐரோப்பிய நிறுவனங்கள், ஹூபர்+சூனர், ரோசன்பெர்கர், ஸ்பின்னர், டெலிகேர்ட்னர் ஆகியவை, கூடிப் புதிதொன்றை வகுக்க வேண்டிய தேவை என்ன? 4.1-9.5 அளவில் சிறிதேயன்றி முறையில் பழையது. அதுவும் முகஅழுத்தத்தையே நம்பியிருந்தது. அது பரவாமைக்கு விலையும் சந்தைப் பழக்கமும் பங்களித்திருக்கக் கூடுமென்று வாதிடலாம்; ஆயினும் அவ்வாதம், புதிய வகை எதை மாற்றியது என்னும் கேள்விக்கு விடையளிப்பதில்லை.

4.3-10இல் மாறியது தொடுகையின் திசை. கீற்றுக்கீற்றாகப் பிளந்த வில்வளையம் ஒன்று எதிர்ப்பகுதியின் குழாய்ச் சுவரைப் பக்கவாட்டில் அழுத்துகிறது. அழுத்தம் அவ்வில்லிலிருந்தே வருவதால் மரையின் இறுக்கத்துக்கும் மின்தொடுகைக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது. 5 நியூட்டன்-மீட்டர் முறுக்கு போதும். ஸ்பேனரால் முறுக்குவது, கையால் முறுக்குவது, தள்ளிப் பூட்டுவது என்ற மூன்று வகைச் செருகிகளும் ஒரே வாங்கியில் பொருந்துவதே இப்பிரிவுக்குக் கண்கூடான சான்று. 7-16இல் இத்தகைய உரிமைக்கு இடமே இல்லை. பொருத்துசட்டத்தின் பக்கம் 32 மில்லிமீட்டரிலிருந்து 25.4ஆகக் குறைந்தது இதன் பின்னரே பயன்தருவதாயிற்று.

இம்மாற்றத்துக்கு ஓராண்டைக் குறிப்பது எளிதன்று. முதல் மாதிரிகள் வெளிப்பட்ட காலமா, ஐஇசி 61169-54 என்னும் தரம் வெளியான காலமா, கோபுரங்களில் பழையதை அது விஞ்சிய காலமா என்பதைப் பொறுத்து விடை மாறும். ஒரே ஆண்டைச் சுட்டித் துல்லியம் கோருவது சான்றை மீறுவதாகும். அதன்பின் ஆன்டெனாவும் ரேடியோவும் ஒரே பெட்டியாகி, 64 தடங்கள் உள்ளே பலகையோடு பலகையாக இணையும் ஐந்தாம் தலைமுறைக் கருவிகளில், வெளி வடமும் ஸ்பேனரும் பெரிதும் அகன்றுவிட்டன. அங்கே மட்டும், இடமே அளவைத் தீர்மானித்தது என்னும் பழைய விளக்கம் பெருமளவு பொருந்துகிறது.