மேற்கு முகப்பும் மொட்டைமாடியும்

அகமதாபாத்தில் சபர்மதியின் மேற்குக் கரையில் நிற்கும் ஆலை உரிமையாளர் சங்கக் கட்டடம் 1954இல் நிறைவுற்றது. அதை வடிவமைத்த லெ கொர்புசியே, நான்கு முகப்புகளையும் திசைக்கேற்ப வேறுபடுத்தினார். ஆற்றை நோக்கிய கிழக்கு முகப்பில் கான்கிரீட் தடுப்புகள் நேராக நிற்கின்றன. சாலையை நோக்கிய மேற்கு முகப்பில், பிற்பகல் வெயிலை மறிக்கும்படி சாய்வாகத் திருப்பப்பட்டுள்ளன. வடக்கிலும் தெற்கிலும் பெரும்பாலும் திறப்பற்ற செங்கற்சுவர்கள். இந்திய வெயிலுக்கு நவீனக் கட்டடக்கலை அளித்த விடையாக இதனை வாசிப்பது வழக்கம்.

அந்த விடை எந்த வெயிலுக்கு உரியது என்பதே கேள்வி. வெப்பமும் புற ஊதாக் கதிரும் ஒரே சூரியனிலிருந்து வந்தாலும் பரப்புகளை ஒரே விதமாக அடைவதில்லை. மாலைச் சூரியன் மேற்குச் சுவரை நேர்முகமாகத் தாக்கிச் சூடேற்றுகிறது. ஆயினும் அவ்வேளையில் ஒளி வளிமண்டலத்தில் நெடுந்தொலைவு கடந்து வருவதால், தோலைச் சிவக்கவைக்கும் புற ஊதா-பி கதிர்களில் பெரும்பகுதியை ஓசோன் உறிஞ்சிவிடுகிறது. அக்கதிர் உச்சம் பெறுவது நண்பகலில். அகமதாபாத் கடகரேகைக்கு மிக அருகில், ஏறத்தாழ 23 பாகை வட அகலாங்கில் உள்ளது. சூன் மாத நண்பகலில் அங்கே சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேல் நிற்கிறது. நேர்க்கதிர் சுவர்களை உரசிச் செல்ல, மொட்டைமாடியே அதை முழுமையாக ஏற்கிறது.

நிழலும் முழுக் காப்பு அன்று. காற்று மூலக்கூறுகள் 700 நானோமீட்டர் சிவப்பொளியைவிட 350 நானோமீட்டர் புற ஊதா ஒளியை ஏறத்தாழ 16 மடங்கு மிகுதியாகச் சிதறடிக்கின்றன. ஆகவே புற ஊதாவின் கணிசமான பங்கு வானம் முழுவதிலிருந்தும் இறங்குகிறது. சூரியனை மறைக்கும் சுவர் வானம் முழுவதையும் மறைப்பதில்லை.

1992இல் கனடாவில் அறிமுகமாகிப் பின்னர் உலகெங்கும் ஏற்கப்பட்ட புற ஊதாக் குறியீடும் கிடைமட்டப் பரப்புக்கே கணக்கிடப்படுகிறது. மனித உடலில் அத்தகைய பரப்பு யாருக்கு அமைகிறது? கூரைத்தளம் போடுபவரும் சாலை அமைப்பவரும் நாற்று நடுபவரும் குனியும்போது அவர்களுடைய பிடரியும் முதுகும் வானை நோக்குகின்றன. முகப்புகளை மட்டும் கொண்டு எழுதப்படும் வெயில்தடுப்பு வரலாறு, உள்ளே அமர்ந்து பணிபுரிந்தவரின் பிற்பகலைப் பதிவுசெய்கிறது. அதே முகப்புகளை எழுப்பியவர்களின் நண்பகலையும் அவ்வரலாற்றில் சேர்ப்பது ஆய்வாளரின் கடமை.