குதிரை யாருடையது?

இன்று ஒரு பழைய குதிரைப்படைச் சொல்: சிலேதார்.

'சிலாஹ்' என்றால் அரபியில் ஆயுதம். 'தார்' என்றால் பாரசீகத்தில் வைத்திருப்பவர். நம்ம தாசில்தார், ஜமீன்தார்ல வர்ற அதே 'தார்' தான்.

மராட்டியப் படையில் அரசுக் குதிரையில் ஏறுபவர் பார்கீர். சொந்தக் குதிரை, ஆயுதத்தோடு வந்து சேர்பவர் சிலேதார். இவருக்குச் சம்பளம் கூடுதல். ஆனா போர்ல குதிரை செத்தா பிழைப்பே போச்சு.

ஆங்கிலேயரும் இந்த முறையைப் பிடித்துக்கொண்டார்கள். 1803இல் உருவான ஸ்கின்னர் குதிரைப்படையும் இப்படித்தான். அரசுக்குச் செலவு மிச்சம் பாருங்க! முதல் உலகப்போரின் இழப்புகளை இந்த முறை தாங்கவில்லை. போருக்குப் பின் கைவிட்டார்கள்.

விபத்தில் கால் முறிந்து வரும் டெலிவரி தம்பிகள் பலர் முதலில் கேட்பது, "டாக்டர், என் வண்டி என்னாச்சு?"

எனக்கு உடனே சிலேதார்தான் ஞாபகத்துக்கு வர்றார்.