மெட்ராஸில் தென்பட்ட ‘பெங்கால்’

மயிலாப்பூரில் எட்வர்ட் எலியட்ஸ் ரோடு, டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை ஆனது. பழைய பேரைச் சொல்லும் பெரியவர்களும் வீடு போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். கிருமிகளின் பெயர் மாறுவதும் இப்படித்தான், போர்டு மட்டும் மாறுது என்று பலர் நினைக்கிறோம். காலராவின் கதையைப் படித்தபின் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

1854-இல் இத்தாலியின் ஃபிலிப்போ பாசினி, காலராவில் இறந்தவர்களின் குடலில் இக்கிருமியைக் கண்டு ‘விப்ரியோ’ என்றார். யாரும் கண்டுகொள்ளவில்லை. முப்பது வருஷம் கழித்து கல்கத்தாவில் ராபர்ட் கோக் அதைப் பிரித்தெடுத்தார். வளைந்த உருவத்தால் ‘கமா பேசில்லஸ்’ என்று பேர். பாசினி வைத்த பெயர் அதிகாரபூர்வமாகத் திரும்பி வந்தது 1965-இல்.

அதுவரை இது யாருக்குப் பெருமை என்ற கேள்விதான். எல் டோர் விஷயம் வேறு. 1905-இல் சினாயில் உள்ள அந்த ஊரின் தடுப்பு முகாமில், காலரா அறிகுறியே இல்லாமல் இறந்த ஹஜ் யாத்ரீகர்களின் உடலில் ஒரு வகை கிடைத்தது. அது நிஜக் காலராக் கிருமி இல்லை என்று நெடுங்காலம் வாதிட்டார்கள். அது உண்டாக்கிய நோய்க்கு ‘பாராகாலரா’ என்றுகூடப் பேர் வைத்தார்கள். 1961-இல் அதுவே இந்தோனேசியாவிலிருந்து கிளம்பி, ஏழாவது உலகப் பரவலாகி, 1964-இல் இந்தியாவுக்கும் வந்தது.

பிறகு 1992 அக்டோபர், மெட்ராஸ். காலரா மாதிரியே நோயாளிகள். லேப்பில் ‘ஓ1’ சீரம் ஒரு சொட்டு விட்டால் காலராக் கிருமிகள் திரிந்து கட்டியாகும். இவை ஆகவில்லை. அப்போதைய கணக்கில் ‘ஓ1 அல்லாதது’. அந்த வகையறா கொள்ளைநோயாகப் பரவாது என்பது பாடம். ஆனால் இது கல்கத்தாவுக்கும் வங்கதேசத்துக்கும் பரவி, பழைய காலராவுக்கு எதிர்ப்புசக்தி பெற்றிருந்த பெரியவர்களையும் சாய்த்தது. அதுவரை தெரிந்த வகைகள் 138. இது 139.

வங்காள விரிகுடாக் கரையில் முதலில் தென்பட்டதால் ‘ஓ139 பெங்கால்’ என்றார்கள். மெட்ராஸ் அதில் இல்லை. 1996-இல் மெட்ராஸே சென்னையாகிவிட்டது.

நம்ம சனங்களுக்கு எல்லாமே வாந்திபேதிதான். வைத்தியமும் ஒன்றுதான்: இழந்த நீரையும் உப்பையும் உடனே திருப்பிக் கொடுப்பது. ஆனால் ஊரை எச்சரிப்பது, சாவைக் காலராக் கணக்கில் சேர்ப்பது எல்லாம் ரிப்போர்ட்டில் இருக்கும் பேரைப் பார்த்துத்தான். அதனால்தான் இன்று காலராச் சோதனையில் ஓ1 சீரத்தோடு ஓ139 சீரமும் வைத்திருக்கிறார்கள்.