பெற்றோர் காதில் ஒரு பள்ளம்

பிறவியிலேயே காது கேளாத குழந்தை. அம்மா, அப்பா இருவருக்கும் காது நன்றாகவே கேட்கும். "யார் பக்கத்துக் குறை?" என்று உறவினர் கேட்பார்கள், பழி பெரும்பாலும் அம்மா தலையில்தான் விழும். உண்மையில், மரபுவழி வரும் இவ்வகைக் குறை, பெரும்பாலும் ஒடுங்கு மரபணு இருவரிடமிருந்தும் வந்தால்தான் வரும். நான்கில் ஒரு வாய்ப்பு.

மறைந்திருக்கும் அந்த மரபணுவைக் காதைச் சோதித்தே கண்டுபிடிக்கலாமா? 1968-ல் ஸ்வீடனின் ஆண்டர்சனும் வெடன்பெர்க்கும் முயன்றார்கள். 1961-ல் நோபல் பரிசு பெற்ற பெக்கேசி வடிவமைத்த கருவி அது. ஒலி கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும், மறைந்தால் விட வேண்டும்; பேனா மேலும் கீழுமாகக் கோடு கிழித்தபடி போகும். காது கேளாத குழந்தைகளின் பெற்றோர் பலருக்கு அந்தக் கோட்டில் சிறு பள்ளங்கள்! காதின் தசை சுருங்கவும் வழக்கத்தைவிடப் பலத்த ஒலி தேவைப்பட்டது.

ஆனால் தறிச் சத்தம், பட்டாசு, வயது... இவையும் பள்ளம் போடுமே! பின்வந்த ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை.

1997-ல் கனெக்சின் 26 மரபணு பிடிபட்டது. ஓர் ஆய்வு 2003-ல் வெளியானது. டபிள்யூ24எக்ஸ் என்ற மாற்றமே இந்தியாவில் அதிகம், அது ஒரே மூதாதையிடமிருந்து பரவியது என்றது அது. மாமன் மகள், அக்காள் மகள் என்று சொந்தத்தில் முடிக்கும் ஊரில் இது சாதாரணச் செய்தியல்ல.

இப்போது கொஞ்சம் ரத்தம் போதும். கணவருடையதும் வேண்டும்.