தொண்ணூறாம் கட்டத்தில் இலங்கை

ஆவர்த்தன அட்டவணை எமது மாணவருக்கு அந்நியமான ஒன்றாகவே தோன்றுகிறது. அதிலுள்ள பெயர்கள் ஐரோப்பியருடையவை. கண்டுபிடித்தவர்களும் அவர்களே. நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. அட்டவணையின் 90ஆம் கட்டத்தைக் காட்டி இதற்குப் பதில் சொல்லலாம். அங்கே இருப்பது தோரியம்.

1829இல் சுவீடன் நாட்டு இரசாயனவியலாளர் பெர்சீலியஸ் இம்மூலகத்தை அறிவித்தார். நீண்ட காலம் அதற்குப் பெரிய பயன் இருக்கவில்லை. பின்னர் ஒஸ்திரியாவின் அவர் வொன் வெல்ஸ்பாக், தோரியம் ஒட்சைட்டைக் கொண்டு விளக்கு மென்டல் செய்தார். அந்த ஒட்சைட்டின் உருகுநிலை 3,300 பாகை செல்சியஸ் அளவிலானது. எனவே சுவாலையில் உருகாமல் வெண்ணொளி தரும். மின்சாரம் வராத காலத்தில் நமது கல்யாண வீடுகளைப் பகலாக்கிய பெற்றோமெக்ஸின் இரகசியம் இதுதான். 1898இல் தோரியம் கதிர்த்தொழிற்பாடுள்ளது என்பதை ஜேர்மனியின் ஷ்மித்தும், பாரிசில் மேரி கியூரியும் தனித்தனியே கண்டறிந்தனர். அதன் மதிப்பு மேலும் உயர்ந்தது.

இவ்வேளையில்தான் இலங்கை இக்கதையில் நுழைகிறது. 1903இல் இலங்கைக் கனிய அளவைப் பணிக்குப் பணிப்பாளராக வந்தவர் ஆனந்த குமாரசுவாமி. சேர் முத்து குமாரசுவாமியின் மகனான இவரைக் கலை விமர்சகராகவே பலரும் அறிவர். ஆனால் இவர் இலண்டனில் புவிச்சரிதவியல் கற்றவர். கண்டியைச் சூழ்ந்த கிராமங்களின் கைவினைஞரை இவர் அறிந்துகொண்டதும் இப்பணியின் பயணங்களில்தான். 1908இல் வெளியான மத்தியகால சிங்களக் கலை பற்றிய நூலின் வித்து அங்கேதான் விழுந்தது.

பலாங்கொடைப் பகுதியில் மாணிக்க இல்லத்தை அலசும்போது, பாரம் மிகுந்த கரிய சிறு சதுரக் கற்கள் கூடையின் அடியில் தங்கின. மாணிக்கம் தேடியவருக்கு அவை வெறும் கழிவு. 1904இல் இலண்டன் இம்பீரியல் நிறுவனத்தில் டன்ஸ்டன் அவற்றைப் பகுத்தார். ஏறத்தாழ முக்கால் பங்கு தோரியம் ஒட்சைட்டு! உலகம் அதுவரை அறியாத அந்தக் கனியத்துக்குத் தோரியனைற் என்று பெயரிட்டார்.

அக்கல் அடுத்துச் சென்ற இடம் வில்லியம் ராம்சேயின் ஆய்வுகூடம். 1904இல் அங்கே ஒட்டோ ஹான் என்ற ஜேர்மன் இளைஞர் வந்தார். ஆங்கிலம் கற்று, ஊர் திரும்பித் தொழிற்சாலையில் வேலை பார்ப்பதே அவரது எண்ணம். இலங்கைத் தோரியனைற்றிலிருந்து பெற்ற உப்பைக் கொடுத்து, அதிலிருந்து ரேடியத்தைப் பிரிக்குமாறு ராம்சே பணித்தார். ஹான் 1905இல் கண்டதோ இன்னொரு பொருள். தோரியத்தைவிடப் பன்மடங்கு வீரியமுள்ள அதை ரேடியோதோரியம் என்றார்.

ஆனால் அதைத் தோரியத்திலிருந்து எந்த இரசாயன முறையாலும் பிரிக்க முடியவில்லை. ஏன்? இரண்டுக்கும் இரசாயன இயல்பு ஒன்றே. சாதாரண தோரியத்தின் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள். ரேடியோதோரியத்தினதோ இரண்டு ஆண்டுக்கும் குறைவு. அப்படியிருந்தும் இரண்டும் 90ஆம் கட்டத்துக்கே உரியவை. இத்தகைய புதிர்களுக்கு 1913இல் பிரெட்ரிக் சொடி விடை சொன்னார். ஒரே மூலகத்தின் வெவ்வேறு திணிவுள்ள அணுக்கள் அவை. இவற்றையே சமதானிகள் என்கிறோம். ஒரு மூலகத்தின் இடத்தைத் தீர்மானிப்பது அணுத்திணிவு அல்ல, அணுவெண்ணே என்ற தெளிவும் அக்காலத்தில்தான் பிறந்தது.

ஹான் தொழிற்சாலைக்குப் போகவில்லை. 1938இல் அவரும் ஸ்ட்ராஸ்மனும் செய்த பரிசோதனை யுரேனியக் கரு பிளவுபடுவதை வெளிப்படுத்தியது. அதன் பொருளை விளக்கியவர்கள் லீசா மைட்னரும் ஒட்டோ பிரிஷும். ஏழாண்டுகளுள் ஹிரோஷிமா எரிந்தது. பலாங்கொடைக் கல் அந்தப் பாவத்துக்குப் பொறுப்பல்ல. ஆயினும் ஹானின் பாதையைத் திருப்பியதில் அதற்குப் பங்குண்டு.

கழிவென்று ஒதுக்கிய கல்லின் பெறுமதியை இலண்டன் சொல்லித்தான் நாம் அறிய நேர்ந்தது. கல் நம்மிடம் இருந்தது, ஆய்வுகூடம் இருக்கவில்லை. சூத்திரங்களை மனனம் செய்விப்பதோடு நின்றுவிடாமல், காலடி மண்ணில் என்ன இருக்கிறது என்று கேட்கவும் நமது பிள்ளைகளைப் பழக்க வேண்டும். அடுத்த கரிய கல்லையாவது அவர்களே பகுத்துப் பார்க்கட்டும்.