தோட்டமும் பூங்காவும்: பேராக்கிலிருந்து ரிம்பா இல்மு வரை

மலேசியாவின் பேராக் மாநிலத் தமிழர் பேச்சில் ‘தோட்டம்’ என்றால் பூச்செடியோ காய்கறிப் பாத்தியோ மனத்தில் எழுவதில்லை. விடியுமுன் ஆள்கணக்குக்குக் கூடும் பெரட்டுக் களம், தொழிலாளர் லயத்து வீடு, பால் பிடிக்கும் மங்கு, வாளி, கங்காணியின் அதட்டல் ஆகியவைதாம் எழும். செடிகளுக்குப் பெயர்ப்பலகை மாட்டி ஆராயும் இடத்துக்குத் ‘தாவரவியல் பூங்கா’ என்று வேறொரு பெயர் வைத்துக்கொண்டோம். இதனால் இரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை போலத் தோன்றுகிறது. மலாயாவின் தாவர வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. ரப்பர்த் தோட்டம் இங்கே பூங்காவின் பிள்ளையாகவே பிறந்தது. சுமார் நூறு ஆண்டுகளுக்குப் பின், ஒரு பழைய ரப்பர் நிலத்தின் மேல் பல்கலைக்கழகப் பூங்கா ஒன்று எழுந்தது. அந்தச் சுற்றுவழியைப் பேராக்கிலிருந்து தொடர்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

ஒரு திசையில் செடிகள் இங்கிருந்து வெளியே போயின. 1787-இல் தொடங்கிய கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு 1871 முதல் கண்காணிப்பாளராக இருந்தவர் ஜார்ஜ் கிங். அவருக்காக ஹெர்மன் குன்ஸ்ட்லர் என்பவர் 1880-களின் முற்பாதியில் பேராக்கின் லாருட், கிந்தா பகுதிக் காடுகளில் புகுந்து ஆயிரக்கணக்கான செடிகளைச் சேகரித்தார். உலர்த்திய மாதிரிகளில் ஒட்டிய சீட்டுகளில் அவர் பெயர் இல்லை. ‘டாக்டர் கிங்கின் சேகரிப்பாளர்’ என்றே அச்சிட்டிருந்தார்கள். அதே ஆண்டுகளில் இத்தாலியப் பாதிரியார் பெனடெட்டோ ஸ்கார்ட்டெக்கினி பேராக் அரசின் தாவரவியலாளராகக் காடு காடாக அலைந்தார். சேகரித்தவற்றை ஒப்பிட்டுப் பார்க்கக் கல்கத்தாவுக்குப் போனவர் 1886-இல் அங்கேயே இறந்துபோனார். இன்று சத்தேக் குச்சிக்கும் கூடைக்கும் வெட்டும் செமந்தான் மூங்கிலின் அறிவியல் பெயரில் அவர் இருக்கிறார்: ஜிகாண்டோக்ளோவா ஸ்கார்ட்டெக்கினி. தைப்பிங்கில் 1883-இல் தொடங்கிய பேராக் அருங்காட்சியகத்தின் காப்பாளர் லியோனார்ட் ரேயும் தம் பங்குக்கு மலையேறிச் சேர்த்தார்.

இந்த மூட்டைகளை வைத்து 1889 முதல் கிங் வெளியிட்டுவந்த மலாயாத் தீபகற்பத் தாவரத் தொகுப்பில் பிற்பாடு இணையாசிரியராகச் சேர்ந்தவர் ஜே. எஸ். கேம்பிள். தமிழ்நாட்டுத் தாவரவியல் மாணவர்களுக்கு இவர் அந்நியரல்லர். சென்னை மாகாணத் தாவரங்களைப் பற்றிய பெருநூலை 1915 முதல் எழுதியவரும் இவரே. பேராக் மரமும் பொதிகைச் செடியும் ஒரே மனிதரின் மேசையில் அடுத்தடுத்துப் பெயர் பெற்றிருக்கின்றன. அந்த மேசையோ இரண்டு ஊருக்கும் வெகு தொலைவில் இருந்தது.

எதிர்த் திசையில் வந்தது ரப்பர். 1876-இல் ஹென்றி விக்கம் அமேசான் கரையிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுபோனார். முளைத்தவை நூற்றுக்கு நான்குகூட இல்லை. அந்த நாற்றுகளில் பெரும்பகுதி இலங்கையின் ஹெனரத்கொடைக்குப் போயிற்று. 1877-இல் சிங்கப்பூர் பூங்காவுக்கு 22 கன்றுகள் வந்தன. அவற்றில் ஒன்பதைப் பூங்காக் கண்காணிப்பாளர் மர்ட்டன் கோலகங்சாருக்கு எடுத்துவந்தார். பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோவின் வீட்டு வளாகத்தில் அவை வேர்பிடித்தன. அந்தத் தலைமுறையின் மரமென்று கருதப்படும் ஒன்று கோலகங்சாரில் இன்னும் நிற்கிறது. ஆக, பேராக்கில் ரப்பர் முதலில் நின்ற இடம் ஒரு துரை வீட்டு முற்றம். அனுப்பியவை இரண்டு பூங்காக்கள்.

பத்தாண்டுக்கும் மேலாக அதை யாரும் பொருட்படுத்தவில்லை. காப்பியும் ஈயமும்தான் அப்போது காசு. 1888-இல் சிங்கப்பூர் பூங்காவுக்கு இயக்குநராக வந்த ஹென்றி ரிட்லி சட்டைப் பையில் விதைகளைத் திணித்துக்கொண்டு தோட்டக்காரர்களை நச்சரித்தார். ‘கிறுக்கு ரிட்லி’ என்ற பட்டமும் கிடைத்தது. அவருடைய உண்மையான சாதனை வெட்டும் முறையில் இருந்தது. பிரேசிலில் கோடாரியால் கொத்திப் பாலெடுத்தார்கள். மரம் சீக்கிரமே சீர்கெட்டது. ரிட்லி அதே காயத்தின் கீழ்விளிம்பை மெல்லியதாகச் சீவி மறுபடியும் பாலெடுக்கலாம் என்று நிறுவினார். பட்டைக்கு அடியிலுள்ள வளர்படலத்தில் கத்தி படாமலிருந்தால் புதுப்பட்டை வளர்ந்து அதே இடத்தில் மீண்டும் வெட்டலாம். 1896-இல் மலாக்காவில் டான் சாய் யான் வணிக முறையில் முதல் தோட்டத்தைப் போட்டார். 1910-இல் விலை உச்சிக்கு ஏறியபோது பேராக்கின் காட்டுச் சரிவுகள் நேர் நேரான நிரைகளாகிவிட்டிருந்தன.

அந்த நிரைகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. கங்காணிகள் திருச்சி, தஞ்சை, சேலம், வடஆற்காடு என்று ஊர்களில் இறங்கி ஆள்கட்டினார்கள். 1907-இல் இந்தியர் குடியேற்றக் குழு அமைந்தது. தோட்ட முதலாளிகளிடம் வசூலித்த நிதியில் அது ஆட்களை வரவழைத்த வழியை 1938-இல் இந்திய அரசு அடைத்தது. இடைப்பட்ட காலத்தில் வந்தவர்கள் இம்மரத்துக்கு வைத்த பெயர் பால்மரம். அகிலன் இம்மக்களின் வாழ்வை எழுதியபோது நாவலுக்கே ‘பால்மரக் காட்டினிலே’ என்று பெயரிட்டார். ரிட்லியின் முறையை ரிட்லியைக் கேள்விப்படாத ஒரு பெண் இருட்டில் நெற்றி விளக்குடன் நாளொன்றுக்குப் பல நூறு மரங்களில் செய்துகாட்டினாள். வெயில் ஏறுமுன் பட்டைக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும் என்ற விளக்கம் பாடநூலில் இருக்கிறது. அவளுக்கு அது கைப்பழக்கம். பட்டை எவ்வளவு தடிமன், எந்த மரம் ‘பால் நிற்காது’, மழைக்குப் பின் எப்போது கத்தி வைக்கலாம் என்ற இந்த அறிவை எந்த உலர்தாவரத் தொகுப்பும் சேர்த்துவைக்கவில்லை. மலாயாத் தாவரவியல் வரலாற்றின் பெரிய இடைவெளி இதுதான் என்பது என் கருத்து.

விடுதலைக்குப் பின் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனைக்கு மாறின, நகரங்களுக்குள் விழுங்கப்பட்டன. கோலாலம்பூரின் பந்தாய் பள்ளத்தாக்கில் அமைந்த மலாயாப் பல்கலைக்கழக வளாகத்திலும் பழைய ரப்பர் நிலம் இருந்தது. அதே வளாகத்தில்தான் 1966 ஏப்ரலில் தனிநாயகம் அடிகள் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டினார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1974-இல், ஏறத்தாழ 80 ஹெக்டேரில் ரிம்பா இல்மு தாவரவியல் பூங்கா உருவானது. மலாய்ப் பெயரைத் தமிழாக்கினால் ‘அறிவுக்காடு’. ரப்பர் மரங்களை ஒரே நாளில் வெட்டி எறிந்துவிட்டு இது எழவில்லை. பழைய மரங்களும் தானாய் எழுந்த இளங்காடும் இடையிடையே நிற்க, சேகரிப்பு மெல்ல வளர்ந்தது. தாழை இனங்களில் பேரறிஞரான பெஞ்சமின் ஸ்டோன் இப்பணியில் முன்நின்றார். பனைகள், மூங்கில்கள், பெரணிகள், மருந்துச் செடிகள் என 1,600-க்கு மேற்பட்ட இனங்கள் சேர்ந்தன. பக்கத்து உலர்தாவரத் தொகுப்பில் ஏறத்தாழ 63,000 மாதிரிகள் உள்ளன.

இவற்றுள் நாரத்தைக் குடும்பச் சேகரிப்பு நம் கவனத்துக்குரியது. எலுமிச்சையும் வில்வமும் விளாவும் கறிவேப்பிலையும் ஒரே குடும்பம் என்பது நம் சமையலறைக்கே தெரிந்த வாசனை. ஈப்போக்காரருக்கோ இக்குடும்பம் என்றதும் தம்பூன் பொமெலோதான். சாலையோரக் கடைகளில் வலைப்பையில் தொங்கும் அந்தப் பழத்தின் காட்டு உறவினங்களைத் தேடிச் சேர்ப்பது, நோயைத் தாங்கும் இரகம் தேடுவோருக்கு ஒருநாள் கைகொடுக்கலாம்.

ஆனாலும் ஈப்போவின் குனோங் ராபாட் மலையை அந்தப் பூங்காவுக்குள் கொண்டுவர முடியாது. சாம் போ தோங் குகைக் கோயில் குடைந்திருக்கும் இந்தச் சுண்ணாம்புக் குன்றில், மண் என்று சொல்ல ஒரு பிடிகூட இல்லாத வெடிப்புகளில் காசித்தும்பை இனங்களும் பெகோனியாக்களும் பிடித்திருக்கின்றன. ரப்பருக்கு ஏற்ற புளிப்பு மண் இவற்றுக்கு ஆகாது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1973-இல் சுண்ணாம்புக்குன்றுத் தாவரங்கள் பற்றி முதுநிலை ஆய்வேடு எழுதிய சின் சீ சுங், 1977 முதல் 1983 வரை அதை விரித்து வெளியிட்டபோது கணக்கிட்டவை 1,216 இனங்கள். தீபகற்பத்தின் நிலப்பரப்பில் இக்குன்றுகள் நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை. சில இனங்கள் ஒரே ஒரு குன்றில் மட்டும் உள்ளன.

ஈப்போவுக்கு வடக்கே குனோங் காந்தான் அப்படிப்பட்டது. கற்சுரங்கம் ஒரு பக்கத்தைத் தின்றுகொண்டிருந்தபோதே அங்கே சீத்தா குடும்பத்துச் சிறுமரம் ஒன்று அறிவியலுக்குப் புதிதாகக் கண்டறியப்பட்டது. குன்ஸ்ட்லர் காலத்தில் பல செடிகளுக்குச் சேகரிப்பாளரின் பெயரோ துரையின் பெயரோ வைத்தார்கள். இதற்கு வைத்த பெயர் மெயோகைனி காந்தனென்சிஸ், காந்தான் மலைக்காரி.